தாழ்ப்பாள்

பதினான்கு பேர், ஒரு சிற்றுந்து,
மூன்று பகல், இரண்டு இரவு, காலை உணவு உட்பட.
கால் முறிந்த தோழிக்குப் பதிலாக வந்தவள் நான்.
சட்டையில் குத்திய அட்டை என்னை
வெரிட்டி ஆஷ்டன் என்கிறது.
திருத்தவில்லை.
வெரிட்டிக்குத் தோட்டம் பிடிக்கும்,
எனக்குத் தெரிந்ததெல்லாம் பூட்டு.
வில்லன்ஹாலில் பிறந்தவர்களுக்குப்
பால்பல் விழும் முன்பே திருப்புளி பிடிக்க வரும்.

காட்ஸ்வோல்ட் மேடுகளில்
தேன் நிறக் கல்வீடுகள்.
வழிகாட்டி ரோலண்ட் ஸ்கெல்டன்
மழைக்கோட்டுக்குள் இருந்து பேசுகிறார்:
ஆலைப் புகைக்கு எதிராக
உளியைத் தூக்கியவர்கள் இவர்கள்.
மேசையின் மூட்டு வெளியே தெரியட்டும்,
செம்பில் சுத்தியல் தடம் இருக்கட்டும்,
செய்தவன் கை மறைய வேண்டாம்
என்றார்களாம்.
கேட்கக் கேட்க எனக்கும் பிடித்துத்தான் போயிற்று.

ஆனால் ஒவ்வொரு நாற்காலியிலும்
ஒரு காய்ந்த முட்பூ.
உட்காராதீர்கள் என்பதை
அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்.
உட்காரவென்றே கடைந்த நாற்காலி
முள்ளை மடியில் வைத்துக்கொண்டு
நாள் முழுக்க விழித்திருக்கிறது.

இரண்டாம் நாள் ஆட்டர்ஸ்லேட்.
எல்லோரும் திரைச்சீலையின் முன்னே:
கொடிக்குள் குருவி, குருவிக்குள் கொடி.
நான் கதவின் முன்னே.
கொல்லன் அடித்த இரும்புக் கொண்டி,
கட்டைவிரலுக்கென்று ஒரு குழிவு.
வைத்தேன், பொருந்தியது.
முகம் தெரியாத ஒருவன் கைகுலுக்கிப் போனான்.

மேல்மாடி பார்க்கப் பத்து நிமிடம் தந்தார்கள்.
படி திரும்பும் இடத்தில் ஓக் மரம் நின்றுவிடுகிறது.
அதற்கு மேல் மலிவுப் பலகை, பழுப்புச் சாயம்,
சாய்ந்த கூரை, ஒற்றைக் கட்டில்.
கதவில் இருந்த பூட்டைப் பார்த்துச்
சத்தமாகவே சிரித்துவிட்டேன்.
எங்கள் ஊர் முத்திரை!
ஆலை ஆகாது என்ற வீட்டில்
வேலைக்காரப் பெண்ணுக்கு ஆலைப் பூட்டு.

பிறகு கதவைச் சாத்தி உள்பக்கம் பார்த்தேன்.
சாவித் துவாரமே இல்லை அங்கே.
வெளியிலிருந்து மட்டும் பூட்டலாம்.
நெஞ்சு உயரத்தில்,
மக்கு அடைத்துச் சாயம் பூசிய நான்கு துளைகள்.
நிலையில் இன்னும் இரண்டு.
தச்சன் போட்டவை அல்ல.
கோணலும் மாணலுமாய்,
சமையற்கத்தி முனையால் திருகியவை,
அநேகமாய் இரவில், அநேகமாய் ஓசைப்படாமல்.
கீழ்த்துளை இரண்டும் கிழிந்திருந்தன.
திருகு கழற்றினால் மரம் கிழியாது.
வெளியே இருந்து தள்ளினால் கிழியும்.

யார் படுத்திருந்தார்கள் இங்கே?
ரோலண்ட் கையேட்டைப் புரட்டினார்.
வரைந்தவர் பெயர் இருந்தது,
நெய்தவர், கல் செதுக்கியவர்,
நாயின் பெயர் கூட இருந்தது.
"தெரியவில்லை," என்றார், மழுப்பாமல்.
பிறகு குனிந்து ஒரு துளையில்
சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தார்.
பின்னால் கிளைவ் ஹாதர்சேஜ்
ஜன்னல் வழியே தோட்டத்தைப் படமெடுத்தார்.
உண்மைதான், அங்கிருந்து தோட்டம் அழகு.

மழையில் தோட்டம்.
யூ மரவேலிகளை வெட்டி வெட்டி
அறை அறையாய் வளர்த்திருக்கிறார்கள்.
ஓர் அறை முழுக்க வெள்ளைப் பூ,
ஓர் அறையில் வெறும் தண்ணீரும் வானமும்.
எந்த அறைக்கும் கதவில்லை.
எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள்.
நான் குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

விடுதியில் பிளாஸ்டிக் அட்டை
பச்சை விளக்குக் காட்டித் திறந்தது.
சங்கிலியை மாட்டினேன், இழுத்துப் பார்த்தேன்,
ஏனோ மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.
வெரிட்டி கேட்டிருந்தாள், தோட்டம் எப்படி?
நல்ல மழை, ரோஜா தாங்கிவிட்டது என்று அனுப்பினேன்.
கைப்பையின் அடியில்
எப்போதும் கிடக்கும் பித்தளைத் தாழ்ப்பாள்,
மூன்று அங்குலம், திருகோடு சேர்த்து.
யாருக்கு என்று தெரியாமல்
அதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

மறுநாள் காலை வண்டி கிளம்பும் முன்
ரோலண்ட் என் இருக்கை அருகே வந்தார்.
முகச்சவரம் செய்யவில்லை.
"அந்தத் துளைகள்,
நிச்சயமாக உள்பக்கம்தானா, வெரிட்டி?"
"உள்பக்கம்தான்," என்றேன்.
தலையசைத்தார்.
முன்னால் போய் ஒலிவாங்கியைத் தட்டி,
இன்று பார்க்கப் போகும் வீட்டின்
புகழ்பெற்ற கணப்பைப் பற்றிப் பேசத் தொடங்கி,
நடுவில் நிறுத்தி,
ஓட்டுநரிடம் கேட்டார்,
அங்கே மேல்மாடி திறந்திருக்குமா என்று.